நகம் வேண்டாத கத்தி

சுருளிராஜன்: இது வேணாம் ரஃபியா. வேற காட்டு.

ரஃபியா: இதோட ஏழாச்சு சுருளி அண்ணே. பொண்ணு பாக்கப் போறவுக கூட மூணுக்கு மேல வேணாம்னு சொல்லக் கூச்சப்படுவாக.

சுருளிராஜன்: கத்தி கேட்டா கத்தியக் காட்டு தங்கச்சி. பேச்சு எதுக்கு?

ரஃபியா: இல்ல, கொடி வெட்டுற கவாத்துக் கத்திரி வாங்க வந்தா ரெண்டே நிமிசத்துல எடுத்துட்டுப் போயிருவீக. திராட்சத் தோட்டத்துக்காரரு ஒரு மடக்குக் கத்திக்கு முக்கா மணி நேரமா நிக்கிறீகளே... யாருக்குன்னு சொன்னா நானே எடுத்துக் குடுத்துருவேன்.

சுருளிராஜன்: அதான் சொன்னேன்ல. காலேஜுல படிக்கிற பிள்ளைக்கி. பரிசு.

ரஃபியா: எந்தப் பிள்ளைக்கி? ஒங்க மக மகிமாதான் படிச்சு முடிச்சு சென்னையில வேலைக்குப் போயிருச்சே.

சுருளிராஜன்: அதுக்கில்ல. தெரிஞ்ச பிள்ளை.

ரஃபியா: ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?

சுருளிராஜன்: கத்திக்கு அதெல்லாம் என்னத்துக்கு?

ரஃபியா: பிடி அளவு பாக்கணும்ல. கை பெருசா, சிறுசா?

சுருளிராஜன்: சிறுசு.

ரஃபியா: ஓ... சிறுசு.

சுருளிராஜன்: என்ன 'ஓ'?

ரஃபியா: ஒண்ணுமில்ல. இந்தா, இதப் பாருங்க. கத்தி, கத்திரி, ரம்பம், பாட்டில் தொறக்குறது, பல்லு குத்துறது... ஒத்த சாமான், பதினோரு வேல பாக்கும். வீட்டு ஆம்பள கூட இத்தன வேல பாக்குறதில்ல.

சுருளிராஜன்: காலேஜுல போயி அது எதுக்குப் பாட்டில் தொறக்கப் போகுது?

ரஃபியா: நீங்க எந்தக் காலத்துல இருக்கீகண்ணே!

சுருளிராஜன்: செடி வெட்ட, தங்கச்சி, செடி வெட்ட! நாளைக்கு மேகமலைக்குக் கூட்டிட்டுப் போறாகளாம். எல, தண்டு, வேரு எல்லாம் நறுக்கி, காய வச்சு, நோட்டுல ஒட்டிப் பேரெழுதணுமாம். பாட்டனி படிப்பு. பிள்ளைகிட்ட ஒரு நல்ல கத்தி இல்லன்னு மகிமாதான் போன்ல சொல்லுச்சு.

ரஃபியா: ஆடு மேய்க்கப் போறவுக சும்மா செய்யிற வேலைய, பீசு கட்டிப் படிக்கிறாக.

சுருளிராஜன்: நானும் அப்புடித்தான் சொன்னேன்.

ரஃபியா: யாருகிட்ட?

சுருளிராஜன்: ...யாருகிட்டயும் இல்ல. அந்த மரப்பிடியக் காட்டு.

ரஃபியா: இது நல்ல கத்தி. இரும்பு அலகு. கூரு நிக்கும். ஆனா நனைஞ்சா ஒடனே தொடைக்கணும், இல்லாட்டித் துரு பிடிச்சுரும். அந்தப் பிள்ளை தொடைக்குமா?

சுருளிராஜன்: தொடைக்கும். அதெல்லாம் சொல்லவே வேணாம். என் கவாத்துக் கத்திரியவே அதுதான் எண்ண போட்டுத் தொடச்சு...

ரஃபியா: தொடச்சு?

சுருளிராஜன்: ...தொடைக்கிற மாதிரித் தெரியுதுன்னேன். இதத் தொறக்க நகத்த விட்டு இழுக்கணுமா?

ரஃபியா: ஆமா. அலகுல பள்ளம் இருக்குல்ல, அங்கன நகத்த மாட்டி இழுக்கணும்.

சுருளிராஜன்: அப்ப வேணாம்.

ரஃபியா: ஏன்?

சுருளிராஜன்: அதுக்குக் கட்டவெரல்ல நகம் சரியில்ல. திராட்ச அறுக்கையில கத்திரி பட்டு ரெண்டாப் பொளந்துருச்சு. திரும்ப மொளச்சது கோணலா மொளச்சிருச்சு. அழுத்துனா இன்னமும் வலிக்கும்.

ரஃபியா: அடடா. எப்ப நடந்துச்சு?

சுருளிராஜன்: அது இருக்கும்... பதினோரு வருசம்.

ரஃபியா: இப்ப காலேஜு மொத வருசமா?

சுருளிராஜன்: ஆமா.

ரஃபியா: அப்ப பதினோரு வருசத்துக்கு முன்னால அந்தப் பிள்ளைக்கி ஏழு வயசு. ஏழு வயசுல ஒங்க தோட்டத்துல திராட்ச அறுத்துச்சு.

சுருளிராஜன்: ...கொஞ்சம் வெள்ளனவே வேலைக்கு வந்துருச்சு.

ரஃபியா: இதக் கலெக்டர் ஆபீசுக்கு எழுதிப் போடணும்ணே.

ராக்கப்பன்: யாருக்கு எழுதிப் போடணும்? என்ன ரஃபியா, என் அருவாளச் சாணை பிடிச்சாச்சா? ஏலே, மாப்ள சுருளி! நீ இங்கனயா நிக்கிற?

ரஃபியா: வாங்க ராக்கப்பன் அண்ணே. அருவா இன்னும் அஞ்சு நிமிசம். அந்த ஸ்டூலுல ஒக்காருங்க. இங்கன நல்ல கத ஓடிக்கிட்டிருக்கு.

சுருளிராஜன்: கதையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரஃபியா, நான் அப்பொறமா வாரேன்...

ராக்கப்பன்: இரப்பா. நாந்தான் ஒன்னயத் தேடிக்கிட்டிருந்தேன். ஒம் பொண்டாட்டி விஜி ஆண்டிபட்டியில இருந்து வந்துருச்சா?

சுருளிராஜன்: இன்னும் இல்ல மாமா. எங்க மாமியாவுக்குக் காலுல கட்டுப் பிரிக்கல.

ராக்கப்பன்: பாவம். எந்தக் காலு?

சுருளிராஜன்: எடது.

ராக்கப்பன்: அப்ப வலது கால வச்சே சமாளிக்கிறாக போல. முந்தாநேத்து ஆண்டிபட்டிச் சந்தையில பாத்தேன். வெங்காய மூட்டைய வண்டியில இருந்து எறக்கிக்கிட்டிருந்தாக.

சுருளிராஜன்: அது... வேற யாராவதா இருக்கும்.

ராக்கப்பன்: நானும் அப்புடித்தான் நெனச்சேன். பேரச் சொல்லிக் கூப்புட்டு, டீ வாங்கிக் குடுத்து, எம் மருமகன் நல்லா இருக்காகளான்னு கேட்டாக. ஒன் மாமியா பேருலயே வேற யாரோ ஒரு பஞ்சம்மா.

சுருளிராஜன்: மூட்ட தூக்கலாம்னு டாக்டரு சொல்லிருப்பாரு.

ரஃபியா: கட்டோடயா?

சுருளிராஜன்: நீ கத்தியக் காட்டு தங்கச்சி!

ரஃபியா: ஒரு நிமிசம்ணே. விஜி அக்கா ஊருக்குப் போயி எத்தன நாளாச்சு?

ராக்கப்பன்: நாப்பது நாளு இருக்கும். ஏன்?

ரஃபியா: இல்ல, அண்ணன் காலேஜுல படிக்கிற ஒரு பொண்ணுக்குப் பரிசு வாங்க வந்துருக்காக. பேரு சொல்ல மாட்டேங்கிறாக. கை சிறுசாம்.

ராக்கப்பன்: யாத்தே! மாப்ள... ஒனக்கு நாப்பத்தேழு வயசாகுதுடா. மூணு வேளையும் சர்க்கர மாத்தர முழுங்குற.

சுருளிராஜன்: ஏய், ரெண்டு பேரும் வாயக் கழுவுங்க. அப்புடியெல்லாம் ஒண்ணும் கெடையாது.

ராக்கப்பன்: நான் எதையும் நெனைக்கலயே. பொண்டாட்டி ஊருல இல்ல. மாமியா காலு நல்லாருக்கு. காலேஜுப் பொண்ணுக்குப் பரிசு. நெனைக்கிறதுக்கு நீ எதையும் மிச்சம் வைக்கலப்பா.

ரஃபியா: அதுவும் கத்தி. வளையலு, சேல வாங்கிக் குடுத்தாலும் பரவால்ல.

சுருளிராஜன்: எல்லாத்தையும் எடுத்து உள்ள வையி. நான் தேனிக்கே போயி வாங்கிக்கிறேன்.

ரஃபியா: கோவப்படாதீக. உள்ள டிராயருல ஒண்ணு கெடக்கு. அத மட்டும் பாத்துட்டுப் போங்க. இந்தா... நகமே வேணாம். அலகுல ஒரு குமிழு இருக்குல்ல, கட்டவெரலோட சதையால தள்ளுனாப் போதும்.

சுருளிராஜன்: இத எங்கன ஒளிச்சு வச்சிருந்த? ...தள்ளுனா வருது. லேசாத்தான் இருக்கு. வெட்டையில மடங்கிக் கையில விழுகாதே?

ரஃபியா: பூட்டு இருக்கு. டிக்குன்னு சத்தம் கேட்டுச்சுல்ல?

சுருளிராஜன்: கேட்டுச்சு. துரு பிடிக்குமா?

ரஃபியா: பிடிக்காது. மலையில மழ பேஞ்சாலும் பயமில்ல.

சுருளிராஜன்: இதுதான். இதுதான் அவளுக்குச் சரியா...

ரஃபியா: அவளுக்கா?

சுருளிராஜன்: ...அதுக்கு. அந்தப் பிள்ளைக்கி. கலர் பேப்பரு சுத்திக் குடு.

ரஃபியா: சுத்துறேன். மேல பேரு எழுதணும். யாருக்குன்னு எழுத?

சுருளிராஜன்: பேரெல்லாம் வேணாம்.

ரஃபியா: எங்க அத்தா காலத்துல இருந்து ஒரு பழக்கம்ணே. கத்தி யாரு கைக்குப் போகுதுன்னு தெரியாமக் குடுக்க மாட்டோம்.

சுருளிராஜன்: இருவது வருசமா இந்தக் கடைக்கு வாரேன். அப்புடி ஒரு பழக்கம் எப்ப வந்துச்சு?

ரஃபியா: இன்னைக்கு நீங்க வரவும் வந்துச்சு.

ராக்கப்பன்: சொல்லு மாப்ள. வெளிய யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு பொய்யெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா சொல்லு.

சுருளிராஜன்: ...பொண்டாட்டிக்கி.

ரஃபியா: என்னது? பஸ்ஸு சத்தத்துல கேக்கல.

சுருளிராஜன்: எம் பொண்டாட்டிக்கி! விஜிக்கி! அவ ஆண்டிபட்டியில இல்ல. வடுகபட்டிப் பக்கம் லேடீஸ் காலேஜுல படிக்கிறா. மொத வருசம். ஹாஸ்டல்ல இருக்கா. நாப்பத்திமூணு வயசு. போதுமா?

ரஃபியா: போதும்ணே. எதுத்தாப்புல பழக்கடைக்காரரு வரைக்கும் எந்திரிச்சு நின்னு பாக்குறாரு.

சுருளிராஜன்: பாக்கட்டும். இப்ப என்னங்குற?

ராக்கப்பன்: இதுக்கா மாப்ள மாமியா கால ஒடச்ச?

சுருளிராஜன்: நீயும் சிரி மாமா. மகளுக்குக் கல்யாணத்துக்கு மாப்ள பாக்குற வயசுல, அவ ஆத்தா பையத் தோள்ல மாட்டிக்கிட்டுக் காலேஜுக்குப் போறான்னா... ஊருல என்ன பேசுவாக?

ரஃபியா: அக்கா எப்பண்ணே பிளஸ் டூ படிச்சுச்சு?

சுருளிராஜன்: தோட்டத்துலதான். மோட்டார் ரூமுல. உர மூட்ட மேல புஸ்தகத்த விரிச்சு வச்சு, பம்பு ஓடுற சத்தத்துலயே படிப்பா. நான் பாத்துட்டு, சரி, பொழுது போகாமப் படிக்கிறான்னு விட்டுட்டேன். பாசாவான்னு யாரு கண்டா?

ரஃபியா: அதான் தப்பாப் போச்சு. அக்கா பெயிலாயிருந்தா ஒங்களுக்கு எம்புட்டு நிம்மதி!

சுருளிராஜன்: குத்தாத தங்கச்சி. நானே குத்திக்கிட்டுத்தான் கெடக்கேன். பஸ் ஏத்திவிடப் போனேன். பெட்டியத் தூக்கி மேல வச்சேன். வச்சிட்டு, வாயி சும்மா இருந்துச்சா... 'யாராச்சும் கேட்டா, ஒங்கம்மாவுக்குக் காலு ஒடஞ்சுருச்சு, பாக்கப் போயிருக்கான்னு சொல்லிக்கிறேன். காலேஜுன்னா கேவலமாச் சிரிப்பாக'ன்னேன்.

ராக்கப்பன்: அதுக்குத் தங்கச்சி என்ன சொல்லுச்சு?

சுருளிராஜன்: சன்னலோரமாத்தான் ஒக்காந்திருந்தா. முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. பஸ்ஸு கெளம்பி வளைவு திரும்புற வரைக்கும் நின்னேன். அவ திரும்பிப் பாக்கல. அன்னையில இருந்து போன் போட்டா, 'சாப்ட்டேன்', 'வச்சிருறேன்'. நாப்பது நாளா ரெண்டே வார்த்த.

ரஃபியா: ரெண்டு வார்த்தையா? நானா இருந்தா ஒண்ணோட நிறுத்தியிருப்பேன்.

சுருளிராஜன்: வீட்டுல அவ தொடச்சு வச்ச கத்திரி, அவ வச்ச எடத்துலயே கெடக்கு. எடுக்கவே கை வரல... அதான், இதக் கொண்டு போயி நேருல குடுத்துட்டு, ஒரு வார்த்த... என்ன வார்த்தன்னு இன்னும் தெரியல.

ராக்கப்பன்: மாப்ள, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. எனக்குச் சந்தையிலயே தெரியும்.

சுருளிராஜன்: என்ன தெரியும்?

ராக்கப்பன்: எல்லாந்தான். ஒன் மாமியா வெங்காயம் வாங்க வர்றவுக ஒருத்தரையும் விடல. 'எம் மக காலேஜுல படிக்கிறா'ன்னு சொல்லிச் சொல்லிக் கால் கிலோ சேத்துப் போடுறாக. நானே ரெண்டு தடவ கேட்டுட்டு அரைக் கிலோ வாங்கியாந்தேன்.

சுருளிராஜன்: அட... பெறகு எதுக்கு மாமா, காலு எப்புடி இருக்குன்னு கேட்ட?

ராக்கப்பன்: இன்னைக்கு எந்தக் கால ஒடைக்கிறன்னு பாக்கத்தான்.

சுருளிராஜன்: அப்ப ஊருக்கும் தெரியுமா?

ராக்கப்பன்: நம்ம தெருவுல கொழா அடிக்கித் தண்ணி எடுக்க வர்றவுக வரைக்கும் தெரியும்.

சுருளிராஜன்: ...சிரிச்சாகளா?

ராக்கப்பன்: சிரிக்காம? விழுந்து விழுந்து சிரிச்சாக. ஒன்னயப் பாத்து.

சுருளிராஜன்: சரி. வேணும்தான் எனக்கு. ரஃபியா, கத்திக்கு எவ்வளவு ஆச்சு?

ரஃபியா: இத விக்க முடியாதுண்ணே. வித்தாச்சு.

சுருளிராஜன்: வித்தாச்சா? யாருக்கு? அதுக்கா இம்புட்டு நேரம் கத்த விட்ட?

ரஃபியா: விஜி அக்காவுக்குத்தான். திங்கக்கிழமையே போன் போட்டுச்சு. கத்தியெல்லாம் போட்டா எடுத்து அனுப்பச் சொல்லி, நகம் வேணாத இத எடுத்துக்கிட்டு, காசையும் அப்பவே போன்ல போட்டு விட்டுருச்சு. 'மகிமாவ விட்டு அவருகிட்டச் சொல்லச் சொல்லிருக்கேன் ரஃபியா. எப்புடியும் ஒன் கடைக்குத்தான் வருவாரு. எம் பொண்டாட்டி படிக்கிறா, அவளுக்குத்தான்னு நாலு பேரு காதுல விழுகிற மாதிரிச் சொன்னாருன்னா அவரு கையிலயே குடுத்துவிடு, மலைக்குக் கெளம்பு முன்ன கொண்டாந்து தரட்டும். சொல்லலேன்னா பஸ்ஸுல பார்சலு போட்டு விட்ரு'ன்னுச்சு. நாலு பேரு தேறல, பழக்கடைக்காரரையும் சேத்து மூணுதான். போனாப் போகுதுன்னு விட்டுட்டேன். இந்தாங்க, பிடிங்க. கலர் பேப்பருக்கு மட்டும் பத்து ரூவா எடுங்கண்ணே. பரிசுல அதாவது ஒங்களதா இருக்கட்டும்.