மைனஸ் எட்டரை

உங்கள் மூக்குக் கண்ணாடி இடப்பக்கம் ஒரு நூலளவு இறங்கியிருக்கிறது மேடம். காதுக்குப் பின்னால் போகும் தண்டை லேசாகச் சூடு காட்டி வளைத்தால் சரியாகிவிடும். இரண்டு நிமிட வேலை. நேற்று நீங்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோதே சொல்லியிருப்பேன். பேச்சை மாற்றப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடுவீர்களோ என்று விட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு எதிரில் இருப்பவர் முகத்தில் முதலில் அதுதான் தெரியும்.

நீங்கள் கொடுத்த தாளில் என் கைப்பட எழுதுகிறேன். முதல் விஷயம், அந்த வேன் டிரைவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. என் மனைவி சிரித்துக்கொண்டே நடுச்சாலைக்கு வந்தாள் என்று அவர் சொல்வதை இங்கே ஸ்டேஷனில் யாரும் நம்பவில்லையாம். அவர் சொல்வது உண்மை. அவள் ஏன் சிரித்தாள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அவள் என் கடைக்கு வாடிக்கையாளராக வந்தவள். இரண்டு கண்ணுக்கும் மைனஸ் எட்டரை. கண்ணாடி இல்லாவிட்டால் நீட்டிய கையில் எத்தனை விரல் என்று எண்ண முடியாத கண். சுற்றுலா நிறுவனம் ஒன்றில் குழுக்களை அழைத்துப் போகிற வேலை. பஸ்ஸில் தூங்கிவிட்டு, மடியிலிருந்து நழுவிய கண்ணாடி மேலேயே உட்கார்ந்து உடைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ஒரு மணி நேரத்துல ரெடி ஆயிடுமா டாக்டரே? நாலு மணிக்கு நாப்பது பேரக் கூட்டிட்டு ரயில் ஏறணும். நானே ரயில் மாறி ஏறிட்டா மானம் போயிடும்."

நான் டாக்டர் இல்லை என்றேன். அதற்கப்புறமும் அப்படியேதான் கூப்பிட்டாள். கல்யாணமான பிறகும் வீட்டில் அதுதான் என் பெயர்.

எங்களுக்குள் ஒரு சண்டை சச்சரவு கிடையாது. இதை நீங்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம். வருஷத்தில் பாதி நாள் அவள் ஊரில் இருக்க மாட்டாள், அவ்வளவுதான் குறை. நானும் நாயும் இருப்போம். பழுப்பு நிற நாட்டு நாய். வந்த அன்றே என் சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்ததால் மேனேஜர் என்று பெயர் வைத்தாள். எங்கோ ஒரு மலையடிவாரத்தில், எங்கோ ஒரு துறைமுகத்தில் சாப்பிட்ட சாப்பாட்டையெல்லாம் படம் பிடித்து அனுப்புவாள். நான் அடுப்படியில் நின்றபடி ரொட்டியை முட்டையில் தொட்டுத் தின்றுகொண்டே அதைப் பார்ப்பேன். தட்டின் ஓரத்தில் சில சமயம் யாரோ ஒருவரின் கை தெரியும். யார் என்று நான் கேட்டதில்லை. நாற்பது பேரில் ஒருவராக இருக்கும்.

நான் வேண்டுமென்று ஆரம்பிக்கவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தொழிலில் லென்ஸ் கவரில் அடைத்து வரும். கவர் மேல் பவர் அச்சிட்டிருக்கும். அதை நம்பக்கூடாது. பிரித்ததும் பவர் அளக்கும் மீட்டரில் வைத்துப் பார்த்த பிறகுதான் கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட வேண்டும். அன்று அவள் வெளியூர் கிளம்ப நான்கு நாள்தான் இருந்தது. சொந்தப் பெண்டாட்டியின் கண்ணாடிதானே என்று பார்க்காமலே மாட்டிவிட்டேன். கவரில் எட்டரை, உள்ளே இருந்தது ஏழரை.

மறுநாள் காலை அவள் ஜன்னலோரம் நின்றபடியே இருந்தாள். "எதிர் வீட்டு நம்பர் தெரியல" என்றாள். அவள் அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள் பார்வை போய்விட்டது. கண்ணுக்குப் பின்னால் நரம்பு பட்டுப்போகிற வியாதி, வைத்தியமே இல்லை. அது தனக்கும் வரும் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு பயம் உண்டு. அன்றே நிறுவனத்துக்குப் போன் செய்து, இந்த முறை வேறு யாரையாவது அனுப்பச் சொன்னாள். இரண்டு வாரம் வீட்டில் இருந்தாள்.

மூன்றாம் நாள் எனக்கு ஏதோ உறுத்த, அவள் குளிக்கும்போது கண்ணாடியை எடுத்துக்கொண்டு கீழே கடைக்குப் போய் மீட்டரில் வைத்தேன். தெரிந்துவிட்டது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் மாடி ஏறினேன். அவள் ஈரத் தலையோடு சோபாவில் உட்கார்ந்து, மேனேஜரின் முதுகில் காலை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு கடைக்குப் போகாத டாக்டரே. எனக்கு பயமா இருக்கு, பக்கத்துல இரு" என்றாள். எங்கள் ஒன்பது வருஷத்தில் அவள் என்னை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தேன்.

பிறகு நான்கு வருஷம், கால் கால் பவராகக் குறைத்தேன். ஒரேயடியாகச் செய்தால் தலை சுற்றும், வாந்தி வரும்; அவளுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் என்று பார்த்தேன். நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை கடை நாற்காலியில் உட்கார வைத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, முறையாகச் சோதித்துத்தான் மாற்றினேன். பழைய கண்ணாடிகளை, ஏழைகளுக்குச் சேர்க்கிற தானப் பெட்டியில் போட்டுவிட்டேன். பெரிய டாக்டரிடம் போகலாமா என்று ஒரு தடவை கேட்டாள். அவள் அம்மாவை ஊர் ஊராக ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு அலைந்ததை நினைவுபடுத்தினேன். நான் எடுத்த கண் படங்களை ஒரு நிபுணருக்கு அனுப்பியிருப்பதாகவும், அம்மாவுக்கு இருந்ததுதான் என்று அவர் எழுதியிருப்பதாகவும் சொன்னேன். கடிதத்தை நானே படித்தும் காட்டினேன். அவள், "சரி, உனக்குத் தெரியாததா" என்றாள். அடுத்த மாதம் வேலையை விட்டாள்.

அதன் பிறகு அவளை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதை எழுத வெட்கமில்லை. மீனில் முள்ளெடுத்துத் தட்டில் வைப்பேன். பழத்தைத் தோல் சீவி, எந்தப் பக்கம் எது இருக்கிறது என்று சொல்லித் தருவேன். வெளியே போனால் என் கையை விட மாட்டாள். கடலோரத்துக்கு ஒரு முறை கூட்டிப்போனேன். விடுதியில் கடலைப் பார்த்த அறை காலி இல்லை. பின்பக்கத்து அறைதான் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே வாகனம் நிறுத்தும் இடமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னெல்லாம் தெரியுது, சொல்லேன்" என்றாள். இரண்டு கப்பல் என்றேன். ஒன்று வெள்ளை, ஒன்று துருப்பிடித்தது. துருப்பிடித்த கப்பலைச் சொன்னதும் அவள் முகம் அப்படி மலர்ந்தது. பொய்யென்று சொல்வீர்கள். கண்ணால் பார்த்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

ஒரே ஒரு நாள் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். நான் சமைத்துக்கொண்டிருந்தபோது அவள் எண்ணெய் வடிக்கும் ஓட்டைக் கரண்டியை எடுத்து விளையாட்டாய் முகத்துக்கு நேரே பிடித்தாள். "டாக்டரே, இந்த ஓட்டை வழியா பாத்தா காலண்டர்ல தேதி தெரியுது!"

எங்கள் தொழிலில் நுழைந்த முதல் வாரமே கற்றுத்தருவது அது. சின்ன ஓட்டை வழியாகப் பார்த்துத் தெளிவாகத் தெரிந்தால் கண்ணில் வியாதி இல்லை, கண்ணாடியில்தான் தப்பு. நான் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, "பேசாம கரண்டியவே மாட்டிக்கோ, மூக்குக்கு எடுப்பா இருக்கும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுநாள் அந்தக் கரண்டி வீட்டில் இல்லை.

இனி மேனேஜர். அவனை நான் வெறுத்தேன் என்று அவள் தங்கை உங்களிடம் சொல்லியிருப்பாள். வெறுக்கவில்லை. பதினொரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவன். ஆனால் அவன் தன் எல்லையைத் தாண்டிவிட்டான். யாரும் பழக்காமலே அவளை நடத்திக்கொண்டு போகக் கற்றுக்கொண்டான். படி வந்தால் நிற்பான். சாலையோரம் வந்தால் அவள் முழங்காலில் உடம்பை அழுத்தி நிறுத்துவான். வண்டி எல்லாம் போன பிறகுதான் விலகுவான். முதலில் பூங்கா வரை போனார்கள். பிறகு சந்தை வரை. நான் கடையில் இருக்கும்போது, என்னிடம் சொல்லாமலே, தயிரும் காய்கறியும் வாங்கிவந்து மேசையில் பரப்பி வைத்துவிட்டு, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றாள். அன்று சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

போன மாதம் சாப்பிடும்போது சொன்னாள். "தங்கச்சியும் நானும் மலைக்குப் போறோம். பத்து நாள். மேனேஜரும் வர்றான், ரயில்ல கேட்டாச்சு."

"நான்?"

"உனக்குக் கடை இருக்குல்ல. நாலு வருஷமா என்னைத் தூக்கிச் சுமக்கிற, பத்து நாள் நிம்மதியா இரேன்." மீன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு விரலால் தடவித் தடவித் தானே முள்ளெடுத்தாள். "தெரியலன்னா என்ன? இப்படியே பழகிக்கிறேன். எனக்கு இப்ப பயமே இல்ல."

பயமே இல்லை என்று சிரித்தபடி சொன்னாள். அவளுக்காக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ காலடியில் தரை இல்லாதது மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை காலை அவள் குளிக்கப் போனதும் மேனேஜரைக் காரில் ஏற்றினேன். காரென்றால் அவனுக்கு உயிர். தானாகவே முன் சீட்டில் தாவி உட்கார்ந்துகொண்டான். நெடுஞ்சாலையில் அறுபது கிலோமீட்டர் தாண்டி, ஒரு பெட்ரோல் பங்குக்குப் பின்னால் பொட்டல் வெளி. கழுத்துப் பட்டையைக் கழற்றிக்கொண்டேன். பட்டையில் எங்கள் போன் நம்பர் இருந்தது. ஒரு பொட்டலம் வேகவைத்த இறைச்சி வைத்துவிட்டுத்தான் வந்தேன். திரும்பும்போது காரின் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தேன், அவன் இறைச்சியைத் தொடவில்லை. கார் திரும்பி வரும் என்று உட்கார்ந்திருந்தான்.

கேட் திறந்து கிடந்தது, ஓடிவிட்டான் என்று அவளிடம் சொன்னேன். அவளும் நானும் தெருத்தெருவாகத் தேடினோம். நானும் சத்தமாகத்தான் கூப்பிட்டேன். மலைப் பயணத்தை அவளே ரத்து செய்தாள். ராத்திரி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினேன்.

ஆனால் அவள் தினமும் சாயங்காலம், நான் கடையில் வாடிக்கையாளரைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து, தனியாகக் கிளம்பிப்போய்க் கூப்பிட ஆரம்பித்தாள். ஐந்தாம் நாள் எங்கள் தெருமுனைச் சாலைக்கு எதிர்ப்பக்கம், சோபாக் கடை வாசலில் ஒரு பழுப்பு மெத்தை உறையைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். மைனஸ் எட்டரைக் கண்ணுக்கு மைனஸ் ஐந்து கண்ணாடி போட்டால், அந்தத் தூரத்தில் அது படுத்திருக்கிற நாய்தான். அவள் "மேனேஜர்" என்று சிரித்துக்கொண்டே நேராக நடந்திருக்கிறாள். முழங்காலில் அழுத்தி நிறுத்த யாரும் இல்லை. டிரைவர் என்ன செய்வார்?

இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணாடி விபத்தில் நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே கண்ணைச் சோதித்து வேறு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குச் சொல்லவில்லை. நான்காம் நாள் காய்ச்சிய பாலோடு அறைக்குள் போனேன். அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உனக்கு நரைச்சிடுச்சு" என்றாள்.

பாலை மேசையில் வைத்தேன்.

"இந்த ஆஸ்பத்திரிக்காரங்க சொல்றாங்க, என் கண்ணுல ஒண்ணுமே இல்லையாம். ஒண்ணுமே இல்லையாம் டாக்டரே." குரல் உயரவில்லை. "மேனேஜர எங்க விட்ட?"

சொன்னேன். தங்கை அன்றே காரை எடுத்துக்கொண்டு போய் மூன்று நாள் தேடினாள். பங்கில் வேலை செய்கிற அம்மாள், அந்த நாய் ஒரு வாரம் நகராமல் உட்கார்ந்திருந்ததாகவும் பிறகு காணவில்லை என்றும் சொன்னாளாம். திரும்பி வந்த தங்கை, "உங்கள மாமான்னு கூப்பிட்ட வாய கழுவணும்" என்றாள். என் மனைவி கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்த டிரைவர விடச் சொல்லு. நடந்தத நீயே உன் கையால எழுதிக் குடு." அவள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. அதனால்தான் வந்தேன்.

ஆகவே லென்ஸை மாற்றியது நான். நிபுணரின் கடிதம் நான் எழுதியது. நாயைக் கொண்டுபோய் விட்டது நான். எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் தங்கை சொல்வதை நம்பாதீர்கள். அக்காவுக்கு உங்கள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை, இனி வராதீர்கள் என்கிறாள். அவளுக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும்? இங்கே வருவதற்கு முன்பு வரை தினமும் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டாக்டர் வந்தால், நர்ஸ் வந்தால், தங்கை வந்தால் அவள் கண்ணாடியோடுதான் இருக்கிறாள். நான் வாசலில் தெரிந்ததும் மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்துவிடுகிறாள். நான் பக்கத்தில் இருந்தால் இன்றைக்கும் அவளுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.