தலையால் அடித்த பந்து

ஜெர்மனியில், ஹம்மிலிருந்து டோர்ட்முண்ட் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். மூத்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது, மடியில் ஒரு பேஸ்போல் கையுறை.

“தலையாலை அடிச்சிட்டன்,” என்றார் அவர். “பந்து உயர வந்தது. கையுறை கையிலை கிடக்கு, ஆனால் தலைதான் முந்திப் போச்சு.”

இளையவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அண்ணை, சம்பளத்துக்கு உதைபந்தாட்டம் விளையாடின ஆள் நீங்கள். உங்களைத் தெரியாத தமிழ் ஆக்கள் இஞ்சை இல்லை. இப்ப ஏன் இந்த பேஸ்போல்?”

“உதைபந்தாட்டத்துக்கு இப்பவும் கூப்பிடுகினம். விளையாட இல்லை, கிண்ணம் குடுக்க.”

“பேஸ்போல் கழகம் எடுக்குமோ?”

“ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்பினமாம். பந்தை ஒழுங்காய்ப் பிடிச்சால் ஒப்பந்தம். அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் ஆரையாவது எறியச் சொல்லிப் பிடிச்சுப் பழகோணும் எண்டு பயிற்சியாளர் சொன்னவர்.”

“ஆர் எறியிறது?”

“சுவர்தான்.”

மூத்தவர் மடியிலிருந்த கையுறையை விரித்து மூடினார்.

“ஞாயிறு நீர் வாறீரோ? அரை மணித்தியாலம் காணும்.”

“ஞாயிறு பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு, அண்ணை. நான் போன் எடுக்கிறன்.”

“ஓம், ஓம். எடும்.”

காமன் நிலையத்தில் இளையவர் இறங்கிப் போனார். ரயில் நகர்ந்ததும் மூத்தவர் காலடியிலிருந்த பையைத் திறந்து, மடியிலிருந்த கையுறையை உள்ளே வைத்தார். பைக்குள் இன்னொரு கையுறை இருந்தது. அதன் விலைச்சீட்டு இன்னும் கழற்றப்படவில்லை.