கடலிலிருந்து தெரிந்த டவர்

தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொல்றாங்க. தூக்கலாம். அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு கதை சொல்றேன்… கேட்டுட்டுத் தூக்குங்க.

ஆனித்துறைன்னு ஒரு கடற்கரை ஊர். மாதா கோயிலுக்குப் பின்னாடி ஒரு செல்போன் டவர். அதுக்கு நேர் கீழ ததேயுவோட வீடு. வள்ளத்துல மீன் பிடிக்கிறவர். சம்சாரம் பேரு பிரகாசி. அவங்க மருமகளுக்கு ரெண்டு தடவ கரு கலைஞ்சிருச்சு. இப்ப மறுபடியும் உண்டாயிருக்கு.

பிரகாசி நிமிர்ந்து பாக்குறாங்க. தலைக்கு மேல டவர். வேற எதைச் சந்தேகப்படுவாங்க?

டாக்டர் சொன்னார்: "டவராலதான்னு சொல்ல ஆதாரம் இல்லம்மா."

"டவரால இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவியளா?"

டாக்டர் பேனாவ மூடி வெச்சார்.

டவர் நிக்கிற இடம் கோயில் இடம். ஊர் சொன்னா டவர் போகணும். ஊர்க்கூட்டத்துல பிரகாசி எழுந்து நின்னாங்க. "ஒங்க வீட்டு மேல நின்னா விடுவியளா?"

இங்க ஒண்ணு சொல்லணும். அந்தக் கடலுக்கடியில பாறைத் திட்டு உண்டு. பார்னு சொல்லுவாங்க. மீன் அங்கதான். ஆனா மேல வெறும் தண்ணி… எல்லாப் பக்கமும் ஒரே தண்ணி. எப்படிக் கண்டுபிடிக்கிறது? கரையத் திரும்பிப் பாப்பாங்க. தூரத்து மலையும் கரையில உசரமா நிக்கிற ஒண்ணும் ஒரே கோட்டுல வரணும். அப்படி ரெண்டு கோடு. ரெண்டும் வெட்டிக்கிற எடத்துல பார். இதுக்குக் கணியம்னு பேரு. தன் கணியத்த எவனும் வெளிய சொல்ல மாட்டான். பெத்த மகனுக்கே கடைசிலதான் சொல்லுவான். ஜிபிஎஸ் இருக்கேன்னு கேக்குறீங்க… இருக்கு. அதுல பதிஞ்சு வெச்சா மச்சினன் பாத்துர மாட்டானா?

டவர் வந்ததுலேர்ந்து ததேயுவோட கணியத்துல அதுதான் அடையாளம். எவ்வளவு தூரம் போனாலும் தெரியுமே. கோயில் கோபுரம் மறையுற தூரத்துல இருக்கிற பாரையும் அத வெச்சுத்தான் பிடிச்சார்.

கூட்டத்துல அவர் வாயே திறக்கல. கையத் தூக்குனார். எல்லாரும் தூக்குனாங்க. டவரைக் கழட்டி லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க.

மறுநாள் காலையில கடல். ததேயு கரையத் திரும்பிப் பாக்குறார். மலை இருக்கு. மலைக்கு முன்னாடி… ஒண்ணுமில்ல. வானம். வள்ளத்த அங்க இங்க ஓட்டிப் பாக்குறார். அப்பதான் பக்கத்துல கண்ணு போகுது.

ஒரு வள்ளம். அதுல நிக்கிறவன் கரையப் பாக்குறான். அதுக்கு அந்தப் பக்கம் இன்னொண்ணு. அவனும் கரையத்தான் பாக்குறான். கண்ணுக்கெட்டின வரைக்கும் வள்ளம்… அத்தனையும் கரையப் பாத்து நிக்குது. இல்லாத ஒண்ணைத் தேடி நிக்குது.

நெனச்சுப் பாருங்க. ஒவ்வொருத்தனும் தனக்கு மட்டும்தான்னு பொத்தி வெச்ச ரகசியம். அத்தனைக்கும் ஒரே டவர். எது போகப்போகுதுன்னு தெரிஞ்சேதான் அத்தனை பேரும் கையத் தூக்கியிருக்காங்க.

ததேயு தலையில கட்டியிருந்த துண்டை அவுத்தார்… கோயில்ல அவுக்குற மாதிரி.

கரையில பிரகாசி. "மீன் பெட்டி காஞ்சு கெடக்கே, என்னாச்சு?"

சொன்னார். வாழ்க்கையில முதல் தடவையா தன் கணியத்தச் சொன்னார்.

"கூட்டத்துலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?"

"சொன்னா டவர விட்டிருப்பியாட்டி?"

"மாட்டேன்."

"பொறவு?"

பிரகாசி கடலப் பாத்தாங்க. ஒவ்வொரு வள்ளமா வெறும் பெட்டியோட கரையேறுது. அவனவன் வலையச் சுருட்டுறான். ஒருத்தன் மட்டும் போற போக்குல கேட்டான்…

"மருமவளுக்கு எப்படி இருக்கு, மயினி?"

அவ்வளவுதான் கதை.

டவராலதான் கரு கலைஞ்சுதா? எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ளை தங்குச்சா? நான் கதையக் கேட்டப்ப இன்னும் பிரசவ மாசம் ஆகல.

நம்ம தெருவுல டவர் வேண்டாம்னு கூடியிருக்கோம். நம்ம பயத்தப் பாத்து யாரும் சிரிக்க வேண்டாம். பிள்ளை பெத்தவங்க பயம் அது. ஆனா டவர நாம கீழ நின்னு மட்டும்தான் பாக்குறோம். எங்கேயோ தூரத்துல நின்னு அதைப் பாக்குறவன் ஒருத்தன் இருப்பான்… இருக்க மாட்டானா? அவன் இந்தக் கூட்டத்துலயே உக்காந்திருக்கலாம். பேச மாட்டான். நமக்காகக் கையும் தூக்குவான்.

இப்ப தூக்குங்க. தூக்கிட்டு, பக்கத்துல உயர்ந்த கையை ஒரு தடவ பாருங்க. எதை விட்டுட்டு அது மேல வந்துச்சுன்னு… கேளுங்க.