இரண்டாவது வெள்ளை விளக்கு

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, ஐயா. இஞ்சி மட்டும் கொஞ்சம் தூக்கல். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும் எனக்கு, அவ்வளவுதான்.

பெயர் சந்திரமௌலி. இங்கே முத்தா ஆற்றில் தூர்வாரும் வண்டலைப் பார்ஜில், அதாவது எஞ்சின் இல்லாத தட்டைப் படகில், ஏற்றுவார்கள். அதை வடம் கட்டி இழுத்துப் போகும் படகை ஓட்டுபவன் நான். அப்படி இழுக்கும் படகு, மூடுபனியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்கு போட வேண்டும். பின்னால் வரும் பார்ஜிலும் விளக்கு எரிய வேண்டும். சட்டம் அது. பனியில் வடம் கண்ணுக்குத் தெரியாது, விளக்குதான் தெரியும்.

காண்டிராக்டரின் எஞ்சினியர் ஹரீஷுக்கு இது கேலி. "இது முத்தா சார், கங்கை இல்ல. பேட்டரிதான் வீணாப் போகுது. கழட்டிப் போடுங்க. சோடோ நா, விடுங்க" என்றான். என் மகனைவிடச் சின்னவன். அன்றைக்கு நான் கழற்றவில்லை.

விளக்கை மதித்தவள் ஒருத்திதான். வாகட் பகுதியில் குடியிருக்கும் சஹானா, ஆபீஸ் போகும் முன் ஒற்றை ஆள் படகில் துடுப்பு வலிக்க வருவாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "ரெண்டு வெள்ளைன்னா பின்னால ஏதோ வருது, வெயிட் பண்ணணும். ஒண்ணுன்னா பின்னாலயே கிராஸ் பண்ணலாம். பரோபர், அங்கிள்?" என்பாள். பரோபர், சரிதான் என்பேன்.

துடுப்பு வலிக்க வரும் மற்றவர்கள் எஞ்சின் சத்தம் கேட்டாலே கரையோரம் ஒதுங்கிவிடுவார்கள். அவர்களை வைத்து ஹரீஷுக்கு எதையும் புரியவைக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை நல்ல பனி. மேல் விளக்கையும் பார்ஜ் விளக்குகளையும் கழற்றினேன். அவன் சொன்னதைத்தான் செய்தேன். சஹானா தோளுக்கு மேல் திரும்பி ஒற்றை விளக்கைப் பார்த்தாள். கையசைத்தாள். நான் கடந்ததும் பின்னால் குறுக்கே வந்தாள். ஹார்ன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அடித்திருந்தால் நின்றிருப்பாள், ஹார்னே போதுமே என்று ஹரீஷ் சொல்லியிருப்பான். அடிக்கவில்லை. வடம் அவளைத் தண்ணீரில் தள்ளியது. பார்ஜுக்கு பிரேக் கிடையாது, ஐயா.

தூக்கம் போய்விட்டது, மறைக்கவில்லை. ஆனால் மறுநாளே எல்லாப் படகிலும் பார்ஜிலும் புது விளக்கு மாட்டிவிட்டார்களாம். அவள் அம்மாவைப் பார்த்தால் ஒன்று சொல்லுங்கள்: அவர் பெண்ணுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில் ஒரு தப்பும் இல்லை.