சிங்க மூஞ்சிச் சாமி

எகிப்தா? நான் போயிருக்கேன்மா. நெசமாத்தேன். இப்ப ஒங்க போன்ல காட்டுனீகளே, அந்தத் தூணுக் கோயிலு, அதே எடத்துல நின்னுருக்கேன். எட்டிப் பாத்தேன்னு கோவிச்சுக்காதீக. சார்ஜா ரோலாவுல பஸ்சு ஏறுனது, இந்த டிராபிக்குல துபாய் போய்ச் சேர்றவரைக்கும் வேற என்னத்தப் பாக்க?

சொந்தமா எங்கிட்டுப் போக? வேல பாக்குற வீட்டுலதேன் கூட்டிட்டுப் போனாக. எகிப்துக்காரவுக. ஒரு வயசான அம்மா, ஸஹ்ரான்னு பேரு. அந்தக் காலத்துல டீச்சரா இருந்துச்சாம். இப்ப நடக்க முடியாது. குளிப்பாட்டுறது, ஊட்டுறது, வீல்சேர்ல வச்சுத் தள்ளுறது எல்லாம் நாந்தேன். இங்க முதலாளியம்மாவ மாமான்னு கூப்புடணும், அரபியில அம்மான்னு அர்த்தமாம். மொத மொத எனக்குச் சிரிப்பு அடங்கல, இப்பப் பழகிருச்சு. மாமாவுக்குப் பொறந்த ஊரு லக்சரு. கண்ண மூடுறதுக்குள்ள ஒருக்காப் பாத்துரணும்னு ஒரே அழுக. சரின்னு மகன் டிக்கெட்டுப் போட்டாரு. தள்ளுறதுக்கு ஆளு வேணும்ல, எனக்கும் சேத்து.

அன்னேரம் பாத்து ஊர்ல எம் மகளுக்குக் காய்ச்சலு. நாகஜோதின்னு பேரு, ஒத்தப் புள்ள. அப்பா இல்ல, எந் தம்பி கார்மேகம் வீட்டுல இருந்து காலேசு போய்க்கிட்டு இருந்தா. மதுரையில ஆஸ்பத்திரியில சேத்தாச்சு, ரத்தத்துல என்னமோ கொறையுதாம்க்கான்னு தம்பி சொல்றான். லீவு குடுங்கன்னு கேட்டேன். அந்த மகன் மோசமான ஆளு இல்லம்மா, அப்புடி நெனச்சுறாதீக. அதட்டிக்கூடப் பேச மாட்டாரு. போயிட்டு வந்ததும் நானே ஒன்ன ஊருக்கு ஏத்தி விடுறேன் நாகவள்ளி, இப்ப நீ போயிட்டா அம்மாவ யாரு தூக்குறதுன்னாரு. அதும் நாயந்தேன்னு தோணுச்சு.

கர்நாக்கு, ஆமா, அதேதேன். வாசலுக்குப் போற வழியில ரெண்டு பக்கமும் ஆட்டுத் தலையும் சிங்க ஒடம்புமா வரிசையா ஒக்காந்துருக்கும். உள்ள போனா தூணுன்னா தூணு, நாலு பேரு கை கோத்தாலும் கட்டிப்புடிக்க முடியாது. ஆனா பாருங்கம்மா, அம்புட்டுப் பெரிய கோயிலுல ஒரு வெளக்கு இல்ல, பூ இல்ல. சாமிகளுக்கெல்லாம் மூக்கு இல்ல, கை இல்ல. சனம் வருது, போட்டோ எடுக்குது, போகுது. மண்ணுல வீல்சேரு சக்கரம் பொதையுது, நான் தம் புடிச்சுத் தள்ளுறேன்.

ஓரமா ஒரு சின்னக் கோயிலு இருக்கு. மாமாதேன் அங்க போகணும்னு கையக் காட்டுச்சு. காவக்காரரு வந்து கதவத் தொறந்து விட்டாரு. உள்ள கும்மிருட்டு. மேக்கூரையில ஒரு ஓட்டை, அது வழியா வெயிலு எறங்குது. அந்த வெளிச்சத்துல கருங்கல்லுல ஒரு பொம்பளச் சாமி. ஒடம்பு பொம்பள, மூஞ்சி சிங்கம். அம்புட்டுக் கோயிலுலயும் நான் பாத்ததுல அவ ஒருத்திதேன் ஒடையாம நிக்கிறா. நோயக் குடுக்குறவளும் இவதேன், எடுக்குறவளும் இவதேன்னு அந்தக் காலத்துல நம்புனாகன்னு மாமா சொல்லுச்சு. அம்புட்டுத்தேன். செருப்பக் கழட்டிப் போட்டுட்டு விழுந்துட்டேன். நீ யாரோ, ஒனக்கு என்ன படைக்கணுமோ, எனக்கு ஒண்ணும் தெரியாது. எம் புள்ளய மட்டும் விட்டுரு தாயின்னு கால்லயே கெடந்தேன். காவக்காரரு சிரிக்கிறாரு. இதெல்லாம் கலாஸ், முடிஞ்சு போச்சு, இப்பப் பூசை கீசை எல்லாம் மாஃபி, கெடையாதுங்கிறாரு. திரும்பிப் பாத்தா மாமா முக்காட்ட வாயில திணிச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுகுது.

அங்கயிருந்து கப்பல்ல அஸ்வானுங்கிற ஊருக்கு. நைலு ஆத்துல மெல்ல மெல்லப் போகும். மாமாவுக்கு அழுக நிக்கவே இல்ல. ஏங் கையப் புடிச்சு அது கன்னத்துல வச்சுக்கிட்டு அழுகுது. பொறந்த மண்ணுல்ல, பழைய நெனப்புன்னு நாந்தேன் தேத்துனேன், கண்ணத் தொடச்சு விட்டேன்.

எம் போனுக்கு அங்க லைனு கெடைக்கல. மகன்கிட்டக் கேட்டேன். நம்ம டிரைவரு பாலமுரளி ஒங்க ஊருக்குப் பேசுனான், ஊசி போட்டாச்சாம், ஒம் மக கஞ்சி குடிச்சாளாம்னாரு. அப்பத்தேன் எனக்கு உசுரு வந்துச்சு. அதுக்குப் பெறகு பாத்ததெல்லாம் சந்தோசமாப் பாத்தேன்மா. தண்ணிக்கு நடுவுல தீவுல ஒரு கோயிலு, படகுல போகணும். விட்றாதீக, அம்புட்டு அழகு. அங்க நின்னு சிரிச்சுக்கிட்டே போட்டோ எடுத்தேன், மகளுக்குக் காட்ட.

ஆமா, புள்ளைகளயும் கூட்டிட்டுப் போங்க. வெயிலுக்குத் தொப்பி மட்டும் வாங்கிக் குடுத்துருங்க.

மகளா? அவ இல்லம்மா. நாங்க கர்நாக்குக்குக் கெளம்புன அன்னைக்கிக் காலையிலேயே முடிஞ்சு போச்சு. நான் அந்தச் சாமி கால்ல கெடக்குறேன், அங்கிட்டு இவளத் தூக்கிட்டாக. பாலமுரளி அப்பவே போன் போட்டுச் சொல்லிட்டான். மகனுக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். எங்கிட்டச் சொன்னா நான் ஒக்காந்துருவேன்ல, பெறகு யாரு தள்ளுறது? மாமா அழுதது பூராவும் எம் மகளுக்குத்தேன். சார்ஜா ஏர்போட்டுல வந்து எறங்குனப்பெறகு பாலமுரளிதேன் சொன்னான், கார்க் கதவப் புடிச்சுக்கிட்டு, ஏம் மூஞ்சியப் பாக்காம.

ஊருக்கா? போகல. போறியான்னு கேட்டாக. போயி யாரப் பாக்க, சாம்பலக்கூட ஆத்துல கரைச்சுட்டாக. அந்த வீட்டுலதேன் இருக்கேன் இன்னமும். சண்ட போடணும்னாலும் ஆருகூடப் போட? மாமாவுக்கு இப்ப நெனப்புத் தப்பிருச்சு. ஊருக்குப் போனது, கப்பலு, அழுதது, ஒண்ணும் தெரியாது. என்னமோ அந்தக் காய்ச்சலு மட்டும் மனசுல நிக்கிது. தெனம் ஊட்டுறப்பக் கேக்கும், நாகவள்ளி, ஒம் மகளுக்கு இப்ப எப்புடி இருக்குன்னு. தேவலையாயிருச்சு மாமா, காலேசுக்குப் போயிட்டான்னு சொல்லுவேன். அல்ஹம்துலில்லான்னுட்டு வாயத் தொறக்கும். நான் ஊட்டுவேன்.