வெஷ்ராவின் வீடு எரியும் அத்தியாயம்

எலுமிச்சை கேக் எனக்கு நன்றாக வரும். நெரிடாவே அதை ஒப்புக்கொள்வாள். எங்கள் எழுத்துக் குழுவில் ஆளுக்கொரு செவ்வாய்க்கிழமை ஏதாவது செய்து கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். என் முறை வரும்போது மட்டும் தட்டில் துணுக்குகூட மிஞ்சாது. அவளுடைய அண்ணனின் அடக்கத்துக்கும் இரண்டு கேக் செய்து எடுத்துப்போனேன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பிறகு அதைப் பெரிதுபண்ணுவீர்கள் என்பதால். அந்தக் கேக்கில் ஒன்றும் கலக்கவில்லை.

நீங்கள் கேட்டது அந்த அண்ணன் லாக்லன் ஹாஸ்கினைப் பற்றி, அவர்களுடைய புல் கொட்டகையைப் பற்றி. வருகிறேன். ஆனால் கதையைச் சொல்லாமல் கொட்டகைக்குப் போக முடியாது. தேநீரைக் குடியுங்கள், ஆறிப்போகிறது.

எனக்கு அறுபத்தொரு வயது. இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் புவியியல் நடத்தினேன். உங்கள் காவல் நிலையத்தில் பாதிப் பேருக்கு நான்தான் வரைபடம் பார்க்கக் கற்றுக்கொடுத்திருப்பேன். ஓய்வுக்குப் பிறகு வாளும் நாகமும் வரும் பெருங்கதை ஒன்றை எழுத ஆரம்பித்தேன். மூன்று பாகங்கள். மெல்பர்னில் ஒரு சிறிய பதிப்பகம் முதல் இரண்டையும் போட்டது. கதாநாயகியின் பெயர் வெஷ்ரா. முதல் அத்தியாயத்தில் எதிரிகள் அவள் வீட்டுக்குத் தீ வைத்து, அப்பா அம்மா அண்ணன் எல்லோரையும் கொல்வார்கள். அவள் சாம்பலிலிருந்து அண்ணனின் வாளை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். பெண்களை வலிமையாக எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. நான் எழுதினேன்.

குழு நூலகத்தின் பின்னறையில் கூடும், காலை பதினொரு மணிக்கு. நேரம் நெரிடாவுக்காக வைத்தது. அவளும் அண்ணன் லாக்லனும் நூற்று நாற்பது மாடு வைத்திருந்தார்கள். காலைக் கறவை முடித்து வந்து, மாலைக் கறவைக்குள் திரும்ப வேண்டும். ரப்பர் பூட்சை வாசலில் கழற்றிவிட்டு காலுறையோடு உட்காருவாள். முன்பு நர்சாக இருந்த மெர்ல்தான் குழுவை நடத்துகிறவள். மற்ற மூவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கவிதை எழுதுகிறார்கள்.

ஆறு வருடத்தில் நெரிடா என் எழுத்தை ஒருமுறைகூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. முரட்டுத்தனமாகப் பேசமாட்டாள். சிரித்துக்கொண்டே சொல்வாள், அதுதான் வினை.

"மால்கம், உங்க கதையில ஒரு பொண்ணு எந்திரிச்சு நிக்கணும்னா மொதல்ல அவ வீட்டுக்கு நீங்க தீ வைக்கணுமா? எங்க வீட்ல எல்லாரும் உயிரோடதான் இருக்காங்க. நான் தெனம் நாலரைக்கு எந்திரிக்கறேனே."

"விடும்மா," என்றாள் மெர்ல். "வீடு எரியலைன்னா அவருக்கு ரெண்டாம் அத்தியாயம் வராது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்னொரு நாள் சொன்னாள்: "உங்க கதையில கதவுன்னா வெறும் கதவு. அவ எந்தக் கையால தெறந்தா? எதை வச்சு அடைச்சிருந்துச்சு? அந்த ஊர்ல தாழ்ப்பாளே உடையாதா? அதை எழுதுங்க, அப்பதான் அவ பொம்பளை. இப்ப முடி வளத்த ஆம்பளை மாதிரி இருக்கா."

அந்த வாக்கியம் அடுத்த மூன்று மாதம் என்னோடு சாப்பிட்டது, என்னோடு தூங்கியது. கோபம் வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. முப்பத்தொரு வருடம் வகுப்பில் ஒரு பிள்ளையும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

போன வருடம் ஆகஸ்டில் என் பதிப்பாசிரியை ஃபிலிப்பாவை எங்கள் நூலகத்துக்குப் பேச அழைத்தேன். நானே போய் ரயிலடியிலிருந்து காரில் கூட்டிவந்தேன், மதியம் ஆட்டிறைச்சி வறுத்துப்போட்டேன். மூன்றாம் பாகத்தின் கைப்பிரதி அப்போது அவளிடம் இருந்தது. மரியாதைக்காகக் குழுவில் ஆளுக்குப் பத்துப் பக்கம் வாசித்தோம். நெரிடா பால் கம்பெனி நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி எடுத்து வந்திருந்தாள்.

அதில் ஓர் எல்லைக் கோட்டையின் தலைவி. ஐம்பது வயது, முதுகுவலிக்காரி. அம்மா உயிரோடு இருக்கிறாள், நச்சரிக்கிறாள். அண்ணன் உயிரோடு இருக்கிறான், அவளோடு சீட்டாடுகிறான். விடிந்தால் போர். அவள் குதிரைக்கு லாடம் சரியாக அடித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறாள், நிமிர முடியவில்லை, அண்ணன் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறான். அவ்வளவுதான் நடக்கிறது. அவள் வாசித்து முடித்தாள். ஃபிலிப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மிச்சம் எங்கங்க? மொத்தத்தையும் எனக்கு அனுப்புங்க," என்றாள்.

திரும்ப ரயிலடிக்குப் போகும்போது காரில் என்னிடம் சொன்னாள். "மால்கம், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க பக்கத்துல உக்காந்து கொஞ்சம் கத்துக்கங்க. மூணாம் பாகத்தை அதுக்கப்புறம் பாக்கலாம்."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையே நெரிடாவிடம் போய், உன் பண்ணைக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "வாங்க வாங்க. பழைய சட்டை போட்டுட்டு வாங்க," என்றாள். அக்டோபரில் மூன்று புதன்கிழமை போனேன். நோட்டுப் புத்தகம் நிறைய எழுதினேன். மாட்டின் பின்னங்காலை அவள் எந்தத் தோளால் தள்ளுகிறாள், எப்போது பெருமூச்சு விடுகிறாள், எல்லாம். மூன்றாம் வாரம் ஒரு கன்றைப் பிடிக்கச் சொன்னாள். கன்று இழுத்தது, நான் சாணிக்குட்டையில் முகம் குப்புற விழுந்தேன். அவள் என்னைத் தூக்கி, குழாயடியில் நிறுத்திக் கழுவிவிட்டாள். அன்போடுதான் செய்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமை அதை நடித்துக் காட்டினாள்.

லாக்லன் நல்லவன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கிண்டல். "வாங்க வாள்காரரே. இன்னைக்கு யார் வீட்டைக் கொளுத்தறீங்க?"

அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. நெரிடாவின் தைரியம் முழுக்க லாக்லன் பின்னால் நிற்பதால் வந்தது. அவள் சிரிக்கும்போது பக்கத்தில் அவனும் சிரிக்க வேண்டும். கைகொடுக்க ஆள் இருந்தால் யார்தான் நிமிரமாட்டார்கள்? என் வெஷ்ராவுக்கு யாரும் இல்லை. நான் எழுதியதுதான் சரி, அவள் எழுதியது சொகுசு. அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல வழியில்லை. சொன்னால் சிரித்திருப்பாள்.

நவம்பரில் புல் அறுத்துக் கட்டினார்கள். அந்த வருடம் நம் கிப்ஸ்லாந்து வட்டாரத்தில் பெய்த மழை உங்களுக்கே தெரியும். புல் சரியாகக் காயாமலே கட்டிவிட்டார்கள் என்று ஊரே பேசிக்கொண்டது. ஈரப்புல் கட்டுக்குள் சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். அதனால் லாக்லன் தினமும் பத்து மணிக்குக் கொட்டகைக்குள் போய், கட்டுக்குள் கடப்பாரையைச் செருகி, வெளியே இழுத்துத் தொட்டுப் பார்ப்பான். பெரிய கதவுகளை உள்ளேயிருந்து புல்கட்டுகள் அடைத்திருந்தன. போகவர இருந்தது பக்கவாட்டுச் சிறு கதவு ஒன்றுதான்.

ஒரு வியாழக்கிழமை கொட்டகை எரிந்தது. நெரிடா கன்றுகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தாள். தீயணைப்புத் தன்னார்வலர்கள் வந்தபோது கூரை இறங்கிவிட்டது. ஈரப்புல் பற்றிக்கொண்டது, அவன் புகையில் விழுந்துவிட்டான் என்று விசாரணையில் எழுதினார்கள். நியாயமான முடிவுதான்.

அதன் பிறகு நான் காத்திருந்தேன். பொறுமையாக, ஒரு மாணவியின் விடைத்தாளுக்குக் காத்திருப்பதுபோல. அவள் அலறுவாள், தலையை மழித்துக்கொள்வாள், யார் மேலாவது பாய்வாள், எதையாவது கையில் எடுத்துக்கொண்டு கிளம்புவாள் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. அடக்கத்தன்று, மாலைக் கறவைக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுந்துபோனாள். மூன்று செவ்வாய்க்கிழமை வரவில்லை. நான்காம் வாரம் பூட்சை வாசலில் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எழுதறியாம்மா?" என்று மெர்ல் கேட்டாள்.

"இல்லக்கா. அவன் சீட்டாடற எடம் வருது. அங்கயே நிக்குது."

சரி, அது எனக்கு ஆறுதலாக இருந்தது. பொய் சொல்லி என்ன பயன்.

ஆனால் என் பக்கம் எழுத்து ஓடியது. முதல் அத்தியாயத்தின் நெருப்பை மூன்றாம் பாகத்தில் வெஷ்ரா நினைத்துப் பார்க்கிறாள், அண்ணன் உள்ளே எப்படி மாட்டிக்கொண்டான் என்று. ஐந்து மாதம் எழுதி எழுதி அடித்தேன். போன செவ்வாய்க்கிழமை அதைக் குழுவில் வாசித்தேன். கதவு வெறும் கதவாக இல்லை. எந்தக் கை, எவ்வளவு பாரம், கொண்டியின் துரு, எல்லாம் இருந்தது. கொண்டியில் மாட்டும் முளை அன்று காலைதான் உடைந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக யாரோ ஓர் உளியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கொலைகாரன் அந்த உளியை எடுத்துக் கொண்டியில் செருகுகிறான். மெர்ல் அழுதுவிட்டாள். கவிஞர்கள்கூடக் கை தட்டினார்கள்.

நான் நெரிடாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்த உளி, மால்கம். எந்தப் பக்கம் தொங்குச்சு?"

"இடப்பக்கம். ஆணியில."

"என்ன கயிறு?"

அவள் என்னை இப்படிக் கேட்டதே இல்லை. ஓர் எழுத்தாளர் இன்னோர் எழுத்தாளரைக் கேட்பதுபோலக் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் சூடானது. "ஆரஞ்சுக் கயிறு," என்றேன். புல்கட்டு கட்டும் நைலான் கயிறு. வெஷ்ராவின் உலகத்தில் நைலான் கிடையாது, அதுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

அவள் மெல்லத் தலையாட்டினாள். "நல்லா இருக்கு. இந்தத் தடவை நல்லாவே இருக்கு, மால்கம்."

பிறகு எழுந்து எல்லோருடைய கோப்பைகளையும் கழுவினாள், துடைத்தாள், அலமாரியில் கவிழ்த்துவைத்தாள். பூட்சை மாட்டிக்கொண்டு காருக்குப் போனாள். காரிலிருந்து உங்களைத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிகிறது. கொட்டகை எரிந்த அன்று காலை ஆறரைக்குத்தான் முளை உடைந்தது என்றும், அவளே ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை அந்தக் கயிற்றில் கட்டி மாட்டினாள் என்றும் நீங்கள் சொன்னீர்கள். நான் கடைசியாகப் பண்ணைக்குப் போன புதன்கிழமை அங்கே இரும்பு முளை இருந்தது. உண்மைதான். மறுப்பதற்கில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை பத்து மணிக்குச் சற்று முன்னால் போனேன். லாக்லன் கடப்பாரையோடு கொட்டகை வாசலில் நின்றான். "வாங்க வாள்காரரே, இன்னைக்கு யார் வீடு?" என்றான். "இன்னும் முடிவு பண்ணலை," என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனான். நான் கதவைச் சாத்தி, இடக்கையால் கொண்டியைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் ஸ்க்ரூடிரைவரைச் செருகினேன். பிறகு பின்பக்கம் போய், தகரம் பிய்ந்திருந்த இடத்தில் தீ வைத்தேன். முன்பக்கம் வந்து நின்றேன், பார்க்க வேண்டும் என்பதற்காக.

காற்றில் கதவு மாட்டிக்கொண்டது என்று நினைத்திருக்கிறான். "மால்கம், கதவு மாட்டிக்கிச்சு, கொஞ்சம் இழுங்க," என்றான். மூன்று முறை கூப்பிட்டான். மூன்றாம் முறை தங்கச்சி பெயரையும் சேர்த்துச் சொன்னான். அத்தியாயத்தில் அதை நான் சேர்க்கவில்லை, வெஷ்ராவின் அண்ணன் அப்படிக் கெஞ்சுகிறவன் இல்லை.

நெரிடா திரும்ப எழுத ஆரம்பித்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். இப்போது அவளுக்கு எழுத ஏதாவது இருக்கும், அதற்கு அவள் எனக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? ஒரு நிமிடம். அந்த வரியை விட்டுவிட்டீர்கள். கோப்பையைக் கழுவப் போவதற்கு முன்னால் அவள் நல்லா இருக்கு என்றாள், இரண்டு தடவை. ஆறு வருடத்தில் முதல் முறை. அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.