வண்ணாத்திவில்லு பஸ்ஸில் ஒரு மரப்பெட்டி

முன் சீற்றில் இருந்த பெண்ணின் மடியில் மரப்பெட்டி உறுமியதும், குண்டுதான் என்று நம்பிவிட்டேன். யுத்தம் முடிந்த செய்தி என் வயிற்றுக்கு இன்னும் எட்டவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்த மனிதரின் பேச்சும் அப்படித்தான் இருந்தது.

“பூசணிக்காய்க்குள்ள வெடி வெச்சாத்தான் தோட்டத்துக்குள்ள வாற அந்த ஆனை அடங்கும், தங்கச்சி.”

“வாய் கிழிஞ்சு சாகும், நானா,” என்றாள் அவள், அவரை அண்ணன் முறை வைத்து. “வேணாம். தோட்டத்தச் சுத்தி இப்பிடித் தேனீப் பெட்டி தொங்கவிடுவம். இரைச்சல் கேட்டாலே ஆனை கிட்ட வராது.”

“இத்தினிப் பூச்சிக்கு ஆனை பயப்படுமா?”

பஸ் பள்ளத்தில் விழுந்து எழும்பியது. பெட்டியின் மூடி விலகி நாலைந்து தேனீக்கள் வெளியே வந்தன. அவர் மிதிபலகைக்குப் பாய்ந்தார்.

“வெடி வெக்க மாட்டன், தங்கச்சி. எனக்கும் ரெண்டு பெட்டி எடுத்துத் தாங்க,” என்றார் அங்கிருந்தபடியே.

மிதிபலகையில் அவருக்கு முன்பே நான் நின்றுகொண்டிருந்தேன்.